கருவிற் பற்றும் நோயும் 21 நாளும்

ஒரு வீட்டில் மகவு பிறந்ததென்று கேட்டவுடன் உற்றார் முதற்கண் வினவுவது, குழந்தை அழுததா என்பதே. அழுகை உயிரின் அடையாளமாதலின் அவ்வினா பொருத்தமுடையதே. அழுதது என்ற விடை கிடைத்ததும், ஆணோ பெண்ணோ, நிறை எவ்வளவு, முகச்சாயல் தந்தை வழியோ தாய் வழியோ என்று வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடரும். குழந்தைக்குச் செவி கேட்கின்றதா என்று வினவுவார் மிக அரியர். கேளாமை கண்ணுக்குப் புலனாகும் குறையன்று. அழாத குழந்தையை அனைவரும் அறிவர். கேளாத குழந்தையைப் பெற்றோரும் அறியார். குழந்தைகளின் செவிப்புலக் குறைவிற்கு, மரபுவழி வருவன நீங்கலாக, தலையாய காரணமென்று இற்றைநாள் மருத்துவர் கூறுவது, தாய் வயிற்றிலிருக்கும்போதே குழவியைப் பற்றும் ஒரு வைரஸ் ஆகும். சைட்டோமெகலோவைரஸ் என்பது அதன் பெயர். தமிழ் பயிலும் யாம் மருத்துவப் பொருளொன்றைக் கையிலெடுத்தது ஏன் என்பார்க்கு விடை கட்டுரையின் இடையே தானே வெளிப்படும்.

பெயர் நீண்டதாயினும் பொருள் கடினமன்று. கிரேக்க மொழியிற் கைட்டோஸ் என்னுஞ் சொல் உள்ளே குடைவுடைய கலத்தைக் குறிக்கும். அதுவே பிற்காலத்தில் உயிரணுவிற்கு ஆகி வந்தது. மெகாஸ் என்பதற்குப் பெரியது என்பது பொருள். வைரஸ் என்பது இலத்தீனில் நஞ்சு. மூன்றனையுங் கூட்டின், உயிரணுவைப் பருக்கச் செய்யும் நஞ்சு என்றாகும். இது தமிழ்ச் சொல்லாயின் என்ன தொகையாகும் என்று எம்முடன் பயிலும் நண்பரொருவர் வினவினார். அதனை இலக்கண வகுப்பிற்கே விட்டு மேற்செல்வாம். நெடும்பெயரை அடிக்கடி எழுதுதல் படிப்பார்க்கு அயர்வு தருமாதலின், இனி வைரஸ் என்றே சுட்டுவாம்.

இதன் வரலாறு ஒரு பிழையிலிருந்து தொடங்குகின்றது. 1881ஆம் ஆண்டில் ரிப்பெர்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், இறந்து பிறந்த ஒரு குழவியின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, இயல்பானவற்றினும் பன்மடங்கு பருத்த அணுக்கள் சிலவற்றைக் கண்டார். அவை யாவையென்று அவருக்குப் புலப்படவில்லை. ஒன்றும் எழுதாது வாளா இருந்துவிட்டார். 1904ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே ஜெசியோனெக், கியோலெமனோக்ளூ என்னும் இருவர் அத்தகைய அணுக்களை வேறொரு குழவியின் உடலிற் கண்டு, அவை அமீபாவைப் போன்ற ஓரணு உயிர்கள் என எழுதினர். அதன் பின்னரே, யானும் கண்டேன் என்று ரிப்பெர்ட் தாம் 23 ஆண்டுகட்கு முன் கண்டதை வெளியிட்டார். உண்மையில் அவை வெளியிலிருந்து புகுந்த உயிர்களல்ல. குழவியின் சொந்த அணுக்களே நோயால் உருத்திரிந்து பருத்தவை. இதனை 1921ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய குட்பாஸ்டர், டால்பட் என்னும் இருவர் எடுத்துக் கூறினர். பருத்த அணுவின் நடுவே கரிய திரளொன்றும், அதனைச் சூழ வெளிறிய வளையமும் தோன்றும். அத்தோற்றத்தை மருத்துவ நூலார் ஆந்தைக் கண் என்று வழங்குவர். படத்திற் கண்டார் அப்பெயரை மறவார்.

அந்நாளில் இந்நோய் பெரும்பாலும் பிணத்திலேயே அறியப்பட்டது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல்வேண்டும். குழவி இறந்து, அதன் உடல் அறுக்கப்பட்டு, உறுப்புக்கள் ஆராயப்பட்டாலன்றி நோய் இன்னதெனத் தெரியாது. ஆகவே மருத்துவர் கண்டனவெல்லாம் மிகக் கொடிய நிலைகளே. அதனால் இஃது அரிய நோய் எனவும், பற்றின் கொன்றேவிடும் எனவும் கருதினர். 1952ஆம் ஆண்டில் பெட்டர்மன் என்பார் உயிரோடிருந்த ஒரு குழவியின் சிறுநீரில் அப்பேரணுக்களைக் கண்டார். பின் 1956, 1957ஆம் ஆண்டுகளில், செயின்ட் லூயி நகரில் மார்கரெட் ஸ்மித் அம்மையாரும், பெதெஸ்டாவில் வாலஸ் ரோவும், பாஸ்டனில் தாமஸ் வெல்லரும் தனித்தனியே அவ்வைரஸைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துக் காட்டினர். ரோ என்பார் குழந்தைகளின் தொண்டையிலிருந்து அறுத்தெடுத்த அடினாய்டுத் தசையில் வேறொன்றை ஆராயப் புகுந்து இதனைக் கண்டார். வெல்லரும் ஒரு குழவியின் கல்லீரற் றுணுக்கில் வேறொரு கிருமியைத் தேடியபோதே இதனைப் பெற்றார். இளம்பிள்ளை வாதத்தின் வைரஸை வளர்க்கும் வழியைக் கண்டதற்காக 1954ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவருள் இவரும் ஒருவர். இற்றைக்கு வழங்கும் பெயரை 1960ஆம் ஆண்டில் இட்டவரும் இவரே.

வைரஸை வளர்க்கக் கற்றவர் குருதியில் அதன் சுவட்டைத் தேடவும் கற்றனர். அப்போதுதான் பழைய எண்ணம் தலைகீழாயிற்று. அரிதென்று கருதப்பட்ட இது மக்களுட் பெரும்பாலார் உடலில் ஓசையின்றிக் குடியிருப்பது என்பது தெரியவந்தது. நம் இந்திய நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மேற்பட்டோர் இதனைத் தம் உடலிற் கொண்டவர்களே. இதனை எழுதும் யாமும், படிக்கும் நீவிரும் அத்தொகையுள் அடங்குவோம் எனக் கொள்ளுதல் தவறாகாது.

இது ஹெர்ப்பீஸ் என்னுங் குடும்பத்தைச் சார்ந்தது. சின்னம்மையை விளைக்கும் வைரஸும் அக்குடும்பத்ததே. ஒருமுறை உடலிற் புகுந்தது பின்னர் வாழ்நாள் முழுதும் நீங்காது ஒடுங்கியிருத்தல் இக்குடும்பத்தின் இயல்பு. உடல்நலமுடையார்க்கு முதன்முறை பற்றும்போது சிறிது சுரமும் அயர்ச்சியும் தோன்றும், பலருக்கு அதுவுமில்லை. உமிழ்நீர், சிறுநீர், தாய்ப்பால், கண்ணீர், விந்து, குருதி ஆகியவற்றின் வழியே இது பரவும். ஓரிரு வயதுக் குழந்தைகள் இதனைப் பெற்றால், நோயின் அறிகுறி யாதுமின்றி ஓடியாடிக்கொண்டே, மாதக் கணக்காகவும் சிலபோது ஆண்டுக் கணக்காகவும் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வைரஸை வெளிப்படுத்துவர்.

இனிக் கருவுற்றாரிடத்து நிகழ்வதைக் கூறுவாம். கருவுற்ற காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது முதன்முறையாகப் பற்றுமாயின், பத்துப் பேருள் மூவர் அல்லது நால்வர் வயிற்றுக் குழவிக்கு நஞ்சுக்கொடியின் வழியே இது சென்றடையும். முதல் மூன்று மாதங்களிற் சென்றடைவதே பெருங்கேடு விளைப்பது. அக்காலமே மூளையும் செவியும் உருப்பெறுங் காலம். முன்பே இவ்வைரஸைத் தம் உடலிற் கொண்ட தாய்மாரிடத்து, ஒடுங்கியிருந்தது மீண்டும் எழுவதாலோ வேறு வகையினது புதிதாய்ப் புகுவதாலோ குழவிக்குச் செல்லுதல் உண்டு. ஆயினும் அது நூற்றுக்கு ஒருவரளவிலேயே நிகழும்.

இவ்விடத்து ஒரு முரண் தோன்றுகின்றது. நம் நாட்டிற் பெண்களுட் பெரும்பாலார் இளமையிலேயே இதனைப் பெற்றுவிடுதலின், அவர்தம் குழவிகட்கு இடர் குறைவு என்று முன்னாளிற் பலர் எண்ணினர். எண்ணுதற்கு எளிதாகவே உள்ளது. ஆனால் கணக்கெடுத்தபோது மாறாகவே கண்டனர். அமெரிக்கா போன்ற நாடுகளிற் பிறக்குங் குழந்தைகளுள் ஏறத்தாழ 200க்கு ஒன்று இவ்வைரஸோடு பிறக்க, பெரும்பாலார் முன்பே இதனைப் பெற்றிருக்கும் நாடுகளில் அது 100க்கு ஒன்றாகவும் அதனினும் மிக்கும் இருக்கின்றது. காரணம் எளிது. ஒவ்வொரு தாய்க்கும் உள்ள இடர் சிறிதாயினும், அவ்விடரை உடைய தாய்மார் தொகை மிகப் பெரிது. நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன. நூற்றுக்கு ஒன்றென்று வைப்பினும் இரண்டிலக்கத்திற்குக் குறையாது. தாயின் எதிர்ப்பாற்றல் ஓரளவே காவல், முழுக்காவலன்று என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறு பிறந்த குழந்தைகள் யாங்ஙனம் இருக்கும்? பத்தில் ஒன்றன் உடலில் நோய் பிறப்பிலேயே வெளிப்படும். நிறை குறைதல், தலை சிறுத்தல், தோலிற் செம்புள்ளிகள், மஞ்சட் காமாலை, கல்லீரலும் மண்ணீரலும் வீங்குதல், கண்ணின் உட்திரையில் அழற்சி, மூளையிற் சுண்ணப் படிவு ஆகியன அதன் அறிகுறிகள். எஞ்சிய ஒன்பதும் பார்வைக்கு எக்குறையும் இல்லாதவை. நன்றாய் அழும், பால் குடிக்கும், உறங்கும். முன்னதாகிய பிரிவில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகட்கு நிலையான ஊனம் எஞ்சும். பின்னதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து குழந்தைகட்கே பின்னாளில் ஊனம் தோன்றும். அதுவும் பெரும்பாலும் செவியைப் பற்றியதே.

ஆயின் பின்னதைப் புறக்கணிக்கலாமோ எனின், ஈண்டுச் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தல் நன்று. வைரஸோடு பிறந்த ஆயிரங் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். அவருள் நோய் வெளிப்பட்டவர் நூற்றுவர், ஊனமுறுவார் ஐம்பதின்மர். நோய் வெளிப்படாதவர் தொள்ளாயிரவர். அவருள் ஊனமுறுவார் தொண்ணூற்றுவர்க்குக் குறையார். நலமுடையதென்று எவரும் ஐயுறாத கூட்டத்திலிருந்தே மிகுதியான குழந்தைகள் ஊனமுறுகின்றனர் என்பதை இக்கணக்குக் காட்டும். இதனை முதன்முறை தாளிற் போட்டுப் பார்த்தபோது, எங்கோ பிழைத்தோம் என்றெண்ணி மறுபடியும் போட்டோம், விடை மாறவில்லை.

உட்செவியில் நத்தையின் கூடு போன்று சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனைக் காக்ளியா என்பர். அதனுள் நிறைந்த நீரின் உப்பளவைச் சீராகக் காக்கும் மெல்லிய திசுவையும் இவ்வைரஸ் பற்றும். அங்கு ஏற்படும் கேடு ஒரே நாளில் முற்றுவதன்று. சில குழந்தைகட்குப் பிறக்கும்போதே செவி கேளாது. சிலர்க்கு ஆறு மாதத்தில், ஓராண்டில், நான்காண்டில் குறையத் தொடங்கும். சிலர்க்கு ஒரு செவி முதலிலும் மற்றது பின்னரும் மங்கும். இவ்வைரஸால் வருங் கேளாமையுள் ஏறத்தாழப் பாதி பிறப்பிற்குப் பின்னரே தோன்றுவது என்பர்.

இக்காலத்து மருத்துவமனைகள் பலவற்றிற் குழந்தை வீடு செல்லுமுன் அதன் செவியைச் சோதிக்கின்றனர். இச்சோதனைக்கு அடிப்படையானது ஓர் அழகிய உண்மை. செவி ஒலியை வாங்குவது மட்டுமன்று. வாங்கிய ஒலிக்கு மறுமொழி போல மிக நுண்ணிய ஒலியொன்றைத் தானும் வெளியிடுகின்றது. இதனை 1978ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் டேவிட் கெம்ப் என்பார் கண்டறிந்தார். உறங்குங் குழந்தையின் காதிற் சிறு முனையொன்றைப் பொருத்தி அம்மறுமொழி வருகின்றதா என்று நோக்குவதே சோதனை. வந்தால் தேர்ச்சி. இது நல்ல சோதனையே, குறைகூறுவார் அல்லேம். ஆனால் அது கூறுவது அன்றைய நிலையை மட்டுமே. மூன்றாண்டின் பின் மங்கப்போகுஞ் செவியும் அன்று தேர்ச்சி பெறும். அத்தாளைப் பத்திரப்படுத்தி வைத்த பெற்றோர், பின்னாளிற் குழந்தை திரும்பிப் பாராதபோது அதனையே எடுத்துக் காட்டி ஐயத்தை அகற்றிவிடுகின்றனர்.

செவியைப் பற்றி யாம் இத்துணை விரித்தெழுதுவதன் காரணம் இதுவே. மொழி புகும் வாயில் செவி. திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்வி என ஓரதிகாரம் தனியே வகுத்தார். ஏட்டைப் படியாதானும் கேட்டேனும் அறிவு பெறலாகும் என்பது அவர் துணிவு. கேட்கவும் இயலாத குழந்தைக்கு அவ்வாயிலும் அடைபடுகின்றது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில், கேளாதவனும் பேச்சுத் தடைப்பட்டவனுமாகிய ஒருவனை நம் ஆண்டவர் குணப்படுத்திய வரலாறு உள்ளது. அங்கே செவி திறந்தது முதலாகவும் நாவின் கட்டு அவிழ்ந்தது அதன் பின்னுமாகக் கூறப்பட்டிருக்கும் முறையை யாம் பலமுறை படித்தும் அண்மைக்காலம் வரை நோக்கியதில்லை. ஊமை என்று நம்மனோர் இகழ்ந்து கூறுவாருட் பலர்க்கு நாவிலும் தொண்டையிலும் யாதொரு குறையுமில்லை. கேளாமையால் மொழியைப் பெறாதவரே அவர். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆராய்ச்சியாளர், கேளாத குழந்தைகளை இருவகையாகப் பகுத்து ஒப்பிட்டனர். பிறந்த ஆறு மாதத்திற்குள் குறை அறியப்பட்டு உதவி பெற்றவர், பின்னரே அறியப்பட்டவரினும் மொழியாற்றலில் தெளிவாக மேம்பட்டிருந்தனர். கேளாமையின் அளவைக் காட்டிலும், அறிந்த காலமே பெரிதாயிற்று.

இனி 21 நாளின் செய்தி. ஒரு குழந்தை இவ்வைரஸைத் தாய் வயிற்றிலே பெற்றதா என்று துணிய வேண்டின், பிறந்த மூன்று வாரத்திற்குள் அதன் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ வைரஸ் உண்டா என்று பார்த்தாக வேண்டும். பிறக்கும்போது தாயின் உடலிலிருந்தும், பிறந்தபின் தாய்ப்பாலிலிருந்தும் பல குழந்தைகள் இதனைப் பெறுவர். நிறைமாதத்திற் பிறந்த குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. அவ்வாறு பெற்றது சிறுநீரில் வெளிப்பட மூன்று வாரமேனும் ஆகும். ஆகவே 21 நாளுக்குள் காணப்படுவது கருவிற் பற்றியது. அதன்பின் காணப்படுவது எங்கே பற்றியதென்று சொல்ல இயலாது. அக்கதவு அடைபட்டால் மீண்டும் திறவாது. நம் வீடுகளில் அந்த 21 நாள் எவ்வாறு கழிகின்றதென்பதை அனைவரும் அறிவர். பிள்ளை மருந்து இடிப்பதும், எண்ணெய் தேய்த்து நீராட்டுவதும், காண வருவார்க்குக் கற்கண்டு கொடுப்பதும், பெயர் என்ன இடுவதென்று வழக்காடுவதுமாக அவை விரைந்தோடிவிடும்.

எம் சபையின் ஓய்வுநாட் பாடசாலையிற் சிறுவர் வகுப்பொன்றை ஈராண்டாக யாம் நடத்தி வருகின்றோம். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அங்கு வருவான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். பாட்டுப் பாடும்போது மற்றவர் வாயைப் பார்த்துத் தானும் வாயசைப்பான். கதை கூறும்போது எழுந்து போய்ச் சன்னலருகே நிற்பான். பிடிவாதக்காரன் என்று எண்ணினோம். அவன் தாயாரும் அவ்வாறே கூறி, தம்பி, நீங்கள் கண்டித்துத் திருத்துங்கள் என்று வேண்டிக்கொண்டார். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் அவனைத் தனியே நிறுத்திவைத்தோம். எதற்காக நிறுத்தப்பட்டான் என்பது அவனுக்குத் தெரியவில்லை என்பதை அவன் முகத்திற் கண்டும், அதனையும் பிடிவாதத்தின் கணக்கிலேயே எழுதினோம். ஆறு திங்கள் கழித்து வேறொரு நோய்க்காகச் சென்ற இடத்து மருத்துவர் ஐயுற்றுச் சோதிக்க, இரு செவியும் பெரும்பாலும் கேளாமை தெரியவந்தது. பிறந்தபோது செய்த செவிச்சோதனையில் அவன் தேர்ச்சி பெற்றவன். இவ்வைரஸ்தான் காரணமோ, மரபுவழி வந்ததோ, வேறொன்றோ என்று தாயார் கேட்டபோது, வைரஸைப் பற்றி இப்போது உறுதி கூறுதற்கு வழியில்லை, காலம் கடந்துவிட்டது என்பதே மருத்துவர் விடை. இக்கட்டுரைக்கு வேண்டிய நூல்களை யாம் தேடத் தொடங்கியது அதன் பின்னரே.

காலங்கடந்தும் அறிதற்கு ஒரு வழி சில நாடுகளில் உண்டு. பிறந்த சில நாளில் குழந்தையின் குதிகாலிலிருந்து சில துளிக் குருதியை எடுத்துத் தடித்த தாளிற் காயவைத்து, வேறு நோய்களைச் சோதிப்பர். அத்தாளை ஆண்டுக்கணக்கிற் சேமித்து வைக்கும் நாடுகளில், பின்னாளில் அதே துளியில் இவ்வைரஸைத் தேடலாகும். ஆயினும் துளிக் குருதியில் வைரஸ் சிறிதளவே இருத்தலின் சில குழந்தைகள் தப்பிவிடும். உமிழ்நீரே இதனினும் நம்பத்தக்கது. பஞ்சு முனையைக் கன்னத்தின் உட்புறத்தே சிறிது நேரம் வைத்து எடுத்தால் போதும், பி.சி.ஆர். என்னும் முறையால் அதனைச் சோதிப்பர். பால் குடித்தவுடன் எடுப்பின் பாலிலுள்ள வைரஸ் கலந்து மயக்கந் தருமாதலின், ஒரு மணி நேரமேனும் கழித்து எடுப்பர். உண்டென்று வந்தால் சிறுநீரிலும் பார்த்து உறுதி செய்வர்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2013ஆம் ஆண்டில், செவிச்சோதனையில் தேறாத குழந்தைகட்கு 21 நாளுக்குள் இவ்வைரஸ் சோதனையும் செய்யவேண்டுமென்று சட்டமியற்றிற்று. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணம் 2019ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2023ஆம் ஆண்டிலும், பிறக்குங் குழந்தைகள் அனைத்திற்கும் குருதித்துளியிற் சோதனை செய்யத் தொடங்கின. நம் நாட்டில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. அனைவரையும் சோதித்தல் வேண்டாமென்பாரும் உளர். வைரஸோடு பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலன நலமாகவே வளர்வனவாதலின், பெற்றோர் பலர் வீணே கலங்குவர் என்பது அவர் கூற்று. அது பொருளற்ற கூற்றன்று. ஆனால் கலக்கத்திற்கு மருந்துண்டு; ஆறு திங்கட்கு ஒருமுறை செவியைச் சோதித்து, நலமென்று கேட்டுக்கேட்டு அது தணியும். நான்காண்டு மொழியின்றிக் கழிந்த குழந்தைக்கு அக்காலத்தை மீட்டளிப்பார் யாருமில்லை. எம் கருத்துச் சோதனையின் பக்கமே சாய்கின்றது. செலவு மிகுதியாயின், செவிச்சோதனையில் தேறாத குழந்தைகட்கும் அறிகுறியுடைய குழந்தைகட்குமேனும் தொடங்கலாம்.

அறிந்தபின் செய்யக்கூடியதும் சில உண்டு. வால்கான்சைக்ளோவிர் என்னும் மருந்தை, நோய் வெளிப்பட்ட குழந்தைகட்குப் பிறந்த முதல் மாதத்திற்குள் தொடங்கி ஆறு திங்கள் வாய்வழிக் கொடுப்பர். ஆறு வாரம் கொடுத்தலினும் ஆறு திங்கள் கொடுத்தல் செவிக்கும் வளர்ச்சிக்கும் சிறிது நலம் பயக்குமென்று 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. சிறிது என்பதை அழுத்திக் கூறுகின்றோம். இழந்ததை முழுதும் மீட்கும் மருந்தன்று. குருதியின் வெள்ளணுக்களைக் குறைக்குமாதலின் அடிக்கடி சோதித்தே கொடுத்தல் வேண்டும். அறிகுறியில்லாத குழந்தைகட்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. பெரும் பயன் தருவது மருந்தினும் விழிப்பே. செவி மங்குவதை மங்குங் காலத்திலேயே அறிந்தால் காதொலிக் கருவி பொருத்தலாம். அதுவும் போதாதாயின் அறுவை முறையால் காக்ளியாவினுள் மின்கருவி வைக்கலாம். நம் தமிழ்நாட்டில் ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகட்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழி இவ்வறுவை செலவின்றிச் செய்யப்படுகின்றது. ஆறு வயது என்னும் எல்லையை நோக்குக. பிடிவாதமென்று எண்ணிக் கழிக்கும் ஒவ்வோராண்டும் அவ்வெல்லையை அணுகுகின்றது.

கருவியை வேண்டாது கைம்மொழியால் பேசுவாரும் உளர். அம்மொழியும் தனக்கென இலக்கணமுடைய முழுமொழியே. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் என்னும் மிஷனெரி மாது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேளாத பிள்ளைகட்குப் பள்ளி தொடங்கினார். எவ்வழியாயினும் ஆகுக, ஏதேனும் ஒரு மொழி குழந்தைக்கு இளமையிலே கிடைத்தல் வேண்டும்.

வருமுன் காத்தற்கு வழியுண்டோ எனின், தடுப்பூசி இன்னும் பயன்பாட்டிற்கு வரவில்லை. இதற்கொரு தடுப்பூசி காணுதல் மிக முதன்மையானதென்று அமெரிக்க அறிஞர் குழுவொன்று 2000ஆம் ஆண்டிலேயே அறிக்கை விடுத்திருந்தும் முயற்சிகள் கைகூடாமலே உள்ளன. கருவுற்ற தொடக்கத்தில் முதன்முறையாக இது பற்றியவர்க்கு வாலாசைக்ளோவிர் என்னும் மருந்தை நாளொன்றுக்கு 8 கிராம் கொடுத்து, குழவிக்குச் செல்வதை நூற்றுக்கு முப்பதிலிருந்து பதினொன்றாகக் குறைத்ததாக இஸ்ரேல் நாட்டு மருத்துவர் 2020ஆம் ஆண்டில் எழுதினர். ஆனால் நம் நாட்டுத் தாய்மாருட் பெரும்பாலார் முன்பே வைரஸைக் கொண்டவராதலின் இம்முறை நமக்கு எத்துணைப் பயன்படும் என்பது வேறு வினா.

எஞ்சியது தூய்மை ஒன்றே. கருவுற்ற பெண்ணுக்கு இது வருவது பெரும்பாலும் தன் மூத்த குழந்தையிடமிருந்தே. எச்சில் என்பதனை நம் நாட்டார்போல் அஞ்சுவார் உலகில் அரியர். பிறர் வாய்வைத்த குவளையைத் தொடவும் தயங்குவோம். அத்தகைய நாம், குழந்தையின் எச்சிலை மட்டும் எச்சிலென்று கருதுவதில்லை. அது கடித்து மிச்சம் வைத்த இட்டிலியைத் தாய் உண்பாள். அதன் கரண்டியாலேயே சூடு பார்ப்பாள். இதழோடு இதழ் வைத்து முத்தமிடுவாள். அன்பின்பாற்பட்ட இவ்வழக்கத்தை எப்போதைக்கும் விடுக என்பார் எவருமிலர். கருவுற்ற காலத்தில் மட்டும் குழந்தைக்கெனத் தனிக் கரண்டியும் குவளையும் வைத்து, முத்தத்தை நெற்றிக்கு மாற்றி, அதன் ஈரத்துணி மாற்றியபின்னும் மூக்கும் வாயும் துடைத்தபின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் போதும். இதற்கஞ்சிக் குழந்தையை விலக்கி வைத்தலோ, பிறந்த நிறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துதலோ கூடாது. அவ்விரண்டும் நோயினும் பெருந்தீங்கு.

முற்கூறிய சிறுவன் இப்போது மின்கருவி பொருத்தப்பெற்று வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்குச் செல்கின்றான். ஓய்வுநாள்தோறும் எம் வகுப்பிற்கும் வருகின்றான். முன்வரிசையில் எம் முகத்திற்கு நேரே அவனை அமர்த்துகின்றோம். அவன் தாயார் மறுபடியும் கருவுற்றிருக்கின்றார். யாம் மருத்துவரல்லேம் என்று முதலிற் கூறிவிட்டு, இக்கட்டுரையில் எழுதியவற்றை அவருக்கும் கூறினோம். குழந்தை பிறந்ததும் உமிழ்நீர்ச் சோதனையை மருத்துவரிடம் தாமே கேட்பதாகவும், காரணம் மரபுவழியாகவும் இருக்கலாமாதலின் செவியை எவ்வாறாயினும் அடிக்கடி சோதிப்பதாகவும் அவர் கூறினார். எத்தனை நாள் என்றீர்கள், தம்பி என்று மீண்டுமொருமுறை கேட்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் மேல் ஓரத்தில் 21 என்று மட்டும் எழுதிவைத்தார்.